குட்டிக்கு மண் பழக்குவது எப்படி?

சென்ற ஆவணியில் சங்கரன்கோவிலுக்கு வடக்கே ஒரு கரிசல் கிராமத்திலிருந்து சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி ஒன்றைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தோம். ஒன்பது வாரப் பெண் குட்டி. நிறம் செவலை என்பதால் பெயரும் செவலை என்றே ஆகிவிட்டது. முதல் இரண்டு நாளும் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் புறவாசலுக்குமாக அலைந்தோம். சிமெண்ட் தளத்தில் நிறுத்தினால் நடுங்கியபடி காலுக்கிடையில் வந்து ஒட்டிக்கொள்ளும். வேப்பமரத்தடிச் செம்மண்ணில் விட்டால் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்து ஓடும். உள்ளே வந்து ஒரு நிமிடம் ஆகாது, பட்டாசலில், அதாவது வீட்டின் உள்கூடத்தில், ஆச்சி படுக்கும் பத்தமடைப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றுக்குப் போய்விடும்.

மூன்றாம் நாள் குட்டியைக் கொடுத்த பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கண் திறந்து நடக்கத் தொடங்கியதிலிருந்து அது கரிசல் மண்ணில்தான் போயிருக்கிறது. உங்கள் செம்மண்ணை அதற்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். தாயும் குட்டிகளும் வழக்கமாகப் போகும் மூலையிலிருந்து அரைச் சாக்கு மண்ணை அள்ளி, திருநெல்வேலிக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்பினார். அதை வேப்பமரத்தடியில் ஒரு பாய் அகலத்துக்குக் கொட்டிப் பரப்பினேன். சாயங்காலம் தூங்கி விழித்த கையோடு செவலையைத் தூக்கிப்போய் அந்த மண்ணில் இறக்கினேன். மூக்கைத் தரையோடு வைத்து இழுத்தது. வால் தணிந்தது. அதே இடத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது, பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தது. காதுகள் இரண்டும் பின்னால் படிந்திருந்தன. கரிசல் மண் ஈரத்தை உறிஞ்சி இன்னும் கறுத்ததைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன். வீட்டுக்குள் போகக் கூடாது என்பதைக் குட்டிக்குக் கற்பிக்க முயன்றால் நீங்களும் களைத்துப்போவீர்கள், அதுவும் பயந்துபோகும். எங்கே போகலாம் என்பதைக் கற்பியுங்கள். அந்த ஓர் இடம் அதன் மனதில் படிந்துவிட்டால் வீடு தானாகச் சுத்தமாகும்.

பிறந்த முதல் மூன்று வாரம் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் வரும். நக்கிச் சுத்தம் செய்வதும் தாய்தான். கால் ஊன்றியதும் படுக்கை இடத்தை விட்டு நகர்ந்து போகத் தொடங்குகிறது. காலுக்கடியில் எது இருந்தால் போகலாம் என்பது 8 வாரத்தையொட்டி அதற்குள் உறுதியாகிறது. மண்ணில் வளர்ந்த குட்டி மண்ணைத் தேடும். சாக்கில் வளர்ந்தது சாக்கை, பாயை, மிதியடியைத் தேடும். கூண்டிலேயே கிடந்து படுத்த இடத்திலேயே போகும்படி ஆன குட்டிக்குத்தான் பழக்க அதிக நாள் பிடிக்கும். எனவே குட்டி வாங்கும்போது அதன் நிறத்தையும் கால் நீளத்தையும் பார்ப்பதற்கு முன், அது எந்தத் தரையில் வளர்கிறது என்று பாருங்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி கூடாது. அதற்கு முன்பே தாயிடமிருந்து பிரித்தால், படுக்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பழக்கமும் பாதியில் நின்றுபோகிறது.

தெருவில் ஈன்ற நாட்டுக் குட்டியை எடுத்து வளர்க்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. அவை பெரும்பாலும் மண்ணிலேயே பழகியிருக்கும்.

முதலில் இடத்தைத் தீர்மானியுங்கள்

குட்டி வருவதற்கு முந்தின நாளே இது முடிந்திருக்க வேண்டும். அது தூங்கும் இடத்திலிருந்து ஒரே கதவு வழியாக, இருபது முப்பது அடி நடந்தால் எட்டும் மண் தரையாக இருக்கட்டும். தினமும் அதே கதவு, அதே வழி. நாளைக்கு அதுவாக வெளியே போகக் கேட்கும்போது அந்தக் கதவருகில்தான் போய் நிற்கும்.

கோலம் போடும் வாசல் பக்கம் வேண்டாம். வீட்டுப் பெண்களுக்கும் குட்டிக்கும் முதல் நாளிலிருந்தே பகை மூட்டியதாகிவிடும். கிணற்றை ஒட்டியும் வேண்டாம். முருங்கை மரத்தடியையும் தவிருங்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி உதிரும், குட்டி அதைக் கவ்வினால் வாய் வீங்கிவிடும். தெருநாய்கள் வந்துபோகும் இடம் கூடவே கூடாது. பார்வோ என்கிற குட்டிக்கொல்லி நோயின் கிருமி, நோய் கண்ட நாயின் மலத்திலிருந்து மண்ணில் கலந்து பல மாதம் உயிரோடு கிடக்கும். தடுப்பூசித் தவணைகள் முழுவதும் முடிய ஏறக்குறைய 16 வாரம் ஆகும். அதுவரை உங்கள் சுற்றுச்சுவருக்குள் இருக்கும் மண்தான் அதன் உலகம். நான் செய்ததுபோல மண் கொண்டுவருவதாக இருந்தாலும், அதன் தாயும் கூடப்பிறந்தவையும் நோயின்றி இருக்கும் இடத்து மண்ணாக இருக்க வேண்டும். வேறெங்கிருந்தும் அள்ளி வராதீர்கள்.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் பால்கனியில் ஒரு தட்டு வையுங்கள். மூன்றடி நீளம், இரண்டடி அகலம், குட்டி ஏறி இறங்கும்படி தாழ்ந்த விளிம்பு. அதில் மூன்று விரல்கடை உயரத்துக்கு மண். பழைய செய்தித்தாளை விரிப்பது எளிதாகத் தோன்றும், ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தாளில் பழகிய குட்டிக்கு, காலையில் பையன் வாசலில் போட்டுவிட்டுப் போகும் செய்தித்தாளும் பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டும் ஒன்றுதான். பிறகு அதை மறக்கடித்து மண்ணுக்கு மாற்றுவது இரட்டை வேலை.

பழைய வளவு வீடுகளில் அடுக்களையை ஒட்டி அங்கணம் இருக்கும். ஈர வாசனைக்குக் குட்டி அங்கேதான் போய் நிற்கும். தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்று பலர் அதை அனுமதித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பாத்திரம் கழுவும் இடம் அது. குட்டியின் மலத்தில் உருண்டைப்புழுவின் முட்டை இருக்கலாம், மனிதக் குழந்தைகளுக்கும் அது பரவும். அங்கணத்தின் முன்னால் ஒரு பலகையைக் குறுக்கே வைத்து அடைத்துவிடுங்கள்.

அடுத்து, வீட்டுக்குள் சுருட்டக்கூடியதை எல்லாம் சுருட்டி மேலே வையுங்கள். பாய், ஜமுக்காளம், சாக்கு, கதவடி மிதியடி. ஈரத்தை உறிஞ்சும் எதுவும் குட்டியின் காலுக்கு மண்போலத்தான் தெரியும். கோரைப் பாயில் ஒரு தடவை இறங்கிய வாசனை எளிதில் போகாது. ஆச்சி தன் பாயை மச்சில் ஏற்றிவிட்டு ஐந்து மாதத்துக்கு மேல் கட்டிலில் படுத்தார்.

முதல் மாதம் முழுக்கக் குட்டிக்கு வீடு முழுவதையும் திறந்துவிட வேண்டாம். நீங்கள் அதிக நேரம் இருக்கும் ஓர் அறை, அல்லது தார்சாவில் (முன்கூடத்தில்) பலகை வைத்து அடைத்த ஒரு பகுதி போதும். கண் மறைவில் போகும் குட்டிதான் தப்புச் செய்யும்.

கடிகாரம்

குட்டியால் எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. எத்தனை மாதக் குட்டியோ அத்துடன் ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம். இது தூங்கும்போதோ அமைதியாகக் கிடக்கும்போதோ தாங்கும் அதிகபட்சம். ஓடி விளையாடும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு தடவைகூடப் போகும். இதில் பிடிவாதம் எதுவும் இல்லை, அதன் சிறுநீர்ப்பை அவ்வளவு சிறியது.

நான்கு வேளைகளில் கண்டிப்பாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூங்கி விழித்தவுடன், தண்ணீர் குடித்த சற்று நேரத்தில், சாப்பிட்ட பிறகு, விளையாட்டின் நடுவிலும் முடிவிலும். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும் என்பதால், சாப்பிட்ட ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் பெரும்பாலான குட்டிகள் இரண்டுக்குப் போகும். உங்கள் குட்டிக்கு அது பத்து நிமிடமா இருபத்தைந்து நிமிடமா என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் கண்டுபிடித்தது தினசரி நாட்காட்டித் தாளில். கிழித்த தாளின் பின்புறம் வெறுமையாக இருக்குமல்லவா, அதில் எழுதிவைத்தேன். "5.40 ஒன்று. 6.30 சோறு. 6.48 இரண்டு. 7.15 பட்டாசலில் ஒன்று, நான் பல் துலக்கப் போயிருந்தேன்." ஒரு வாரத் தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தபோது, வீட்டுக்குள் நடந்த பதினோரு தப்பில் எட்டு, காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் நடந்திருந்தது தெரிந்தது. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். எல்லோரும் பரபரப்பாக இருக்க, குட்டியும் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க ஆள் இல்லை. மறுநாளிலிருந்து அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அதை ஆச்சியின் பொறுப்பில் தார்சாவுக்குள் அடைத்தோம். அடுத்த வாரம் தப்பு மூன்றாகக் குறைந்தது.

பத்து வாரக் குட்டிக்கு எங்கள் வீட்டு நாள் இப்படி ஓடியது. விடிகாலை ஐந்தரைக்கு விழிப்பு, உடனே மண். ஆறரைக்குச் சோறு, பிறகு மண். கொஞ்சம் விளையாட்டு, நடுவில் மண், பிறகு தூக்கம். விழித்ததும் மண். பதினொன்றரைக்கு இரண்டாம் வேளை, நாலரைக்கு மூன்றாம் வேளை, எட்டு மணிக்கு நான்காம் வேளை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மண். இரவு பத்தரைக்கு, குட்டி அரைத் தூக்கத்தில் இருந்தாலும், தூக்கிப்போய் ஒரு தடவை. எண்ணிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாது. வீட்டில் இதற்கென்று ஓர் ஆள் இல்லையென்றால், குட்டி வாங்குவதைக் கோடை விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள். இதை நான் மனமாரச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு மாலை ஆறு மணிக்குத் திறக்கும் வீட்டில் இரண்டு மாதக் குட்டியால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

கடிகாரத்தோடு குட்டியின் உடம்பையும் பாருங்கள். விளையாடிக்கொண்டிருந்தது திடீரென்று நிற்கும், தரையை முகர்ந்தபடி வட்டமிடும், சுவர் மூலைக்கோ கட்டிலடிக்கோ நழுவும். அந்தக் கணத்தில் கூச்சல் போடாமல் தூக்கிவிடுங்கள்.

மண்ணில் நிற்கும் ஐந்து நிமிடம்

முதல் சில வாரங்களுக்குக் குட்டியை நடத்திக் கூட்டிப்போக வேண்டாம், தூக்கிக்கொண்டு போங்கள். நடத்தினால் கதவுப்படியிலேயே உட்கார்ந்துவிடும். மண்ணில் இறக்கியதும் கழுத்துப் பட்டையில் நான்கடிக் கயிறு இருக்கட்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை இனங்கள். தென்னையில் அணில் ஓடினால் வந்த வேலை மறந்துபோகும்.

பிறகு நீங்கள் மரம்போல நில்லுங்கள். பேச்சு வேண்டாம், கொஞ்சல் வேண்டாம், கைபேசி வேண்டாம். ஒரே ஒரு சொல்லை மட்டும் ஒரு தடவை சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் "மண்ணுக்கு". தொடக்கத்தில் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஆச்சி "வெளிக்குப் போ" என்பார், பிள்ளைகள் "சீக்கிரம், சீக்கிரம்" என்பார்கள். எதையும் அது சட்டை செய்யவில்லை. எல்லோருமாக உட்கார்ந்து ஒரு சொல்லுக்கு ஒத்துக்கொண்ட பத்தாம் நாள், சொல்லைக் கேட்டதுமே மூக்கைத் தாழ்த்தத் தொடங்கியது.

அது போய்க்கொண்டிருக்கும்போது பாராட்டாதீர்கள். குரலைக் கேட்டதும் பாதியில் எழுந்து ஓடிவரும், மீதியை வீட்டுக்குள் வந்து முடிக்கும். முழுவதும் முடித்து எழுந்ததும், மூன்று விநாடிக்குள், அந்த இடத்திலேயே வாயில் ஏதாவது கொடுங்கள். வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே ஓடிவந்ததற்குத்தான் அது கிடைத்தது என்று குட்டி எடுத்துக்கொள்ளும். சுண்டைக்காய் அளவுக்கு வெட்டிய, உப்பும் மசாலாவும் சேராத வேகவைத்த கோழி ஈரல் இதற்கு மிக நல்லது. அவித்த முட்டைத் துண்டும் சரி. கருவாடு உப்பு, வேண்டாம். வெங்காயம் சேர்ந்தது எதுவும், திராட்சையும், சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு.

ஐந்து நிமிடம் நின்றும் போகவில்லையென்றால் திட்டாமல் உள்ளே கொண்டுவாருங்கள். ஆனால் கீழே விடாதீர்கள். மடியிலோ அடைத்த பகுதியிலோ வைத்திருந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி கொண்டுபோங்கள். பலர் தவறவிடுவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். வெளியே நின்று பார்த்துவிட்டு, வரவில்லை போலும் என்று உள்ளே இறக்கிவிட்டவுடன் தரை நனைகிறது.

போன பிறகு உடனே உள்ளே தூக்கி வராமல், இரண்டு நிமிடம் அங்கேயே விளையாட விடுங்கள். முடித்தால் விளையாட்டு போய்விடும் என்று தெரிந்துகொண்ட குட்டி, விளையாடுவதற்காகவே அடக்கிவைத்துக்கொள்ளும்.

மலத்தை அன்றன்றைக்கே அள்ளி, ஓரமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். கொக்கிப்புழுவின் இளம்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக ஏறும். பிள்ளைகள் அந்தப் பக்கம் செருப்பில்லாமல் போகக் கூடாது. ஒன்றுக்குப் போன மண்ணை மட்டும் முதல் இரண்டு வாரம் கிளறாமல் விடுங்கள். அந்த வாசனைதான் குட்டிக்கு வழிகாட்டி.

இரவு

எந்தக் குட்டியும் தான் படுக்கும் இடத்தை நனைக்க விரும்பாது. இந்தக் குணத்தை வைத்துத்தான் இரவைக் கடக்க வேண்டும். ஓர் உறுதியான அட்டைப் பெட்டியோ பழப் பெட்டியோ போதும். குட்டி நீட்டிப் படுக்கவும் திரும்பவும் இடம் இருக்கட்டும், அதற்கு மேல் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் போய்விட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும். உள்ளே பழைய நூல் சேலை. உங்கள் கட்டிலை ஒட்டியே வையுங்கள். முனகல் கேட்க வேண்டும். கழுத்தில் கயிறு கட்டி இரவு முழுக்க விடுவது ஆபத்து, சுற்றிக்கொள்ளும்.

முதல் வாரங்களில் இரவில் இரண்டு தடவை எழ வேண்டியிருக்கும். ஒன்றரை மணிக்கு ஒன்று, நாலு நாலரைக்கு ஒன்று. விளக்கை எல்லாம் போட்டு வீட்டை எழுப்பாதீர்கள், பேசாதீர்கள். போனோம், வந்தோம் என்று இருக்கட்டும். ஆனால் டார்ச் இல்லாமல் படியிறங்காதீர்கள். நம் பக்கத்துப் புறவாசல்களில் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் நடமாடுவது இரவில்தான். முதலில் ஒளியை மண்ணைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துப் பார்த்துவிட்டுக் குட்டியை இறக்குங்கள். செவலை மூன்றரை மாதத்தில் விடியும்வரை தூங்கத் தொடங்கியது.

வீட்டுக்குள் போய்விட்டால்

கண்ணெதிரே உட்கார்ந்தால் கையை ஒரு தட்டுத் தட்டுங்கள், திகைத்து நிறுத்தும், அப்படியே தூக்கிப்போய் மண்ணில் விடுங்கள், மிச்சத்தை அங்கே முடித்தால் ஈரல் துண்டைக் கொடுங்கள். பிறகு வந்து பார்த்தீர்கள் என்றால் துடைப்பதைத் தவிர உங்களுக்கு வேலை எதுவும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் செய்ததையும் இப்போது விழும் அடியையும் குட்டியால் சேர்த்துப் பார்க்க முடியாது.

மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கிற வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. பெரியவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது தவறு என்று அவர்களிடம் பொறுமையாகச் சொல்லியாக வேண்டும். அடிபட்ட குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: மனிதர் பார்க்கும்போது போகக் கூடாது. அதன் பிறகு பீரோவுக்குப் பின்னாலும் கட்டிலடியிலும் ஒளிந்து போகும். அதைவிடக் கெடுதல், வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்கும்போது எத்தனை நேரமானாலும் போகாது. நம் வேட்டை இனக் குட்டிகள் அதட்டலுக்கே சுருங்கிவிடும் மென்மையானவை. தெரிந்த வீடொன்றில் விளக்குமாற்றால் அடிவாங்கிய கன்னிக் குட்டி, ஆள் குனிந்தாலே இருந்த இடத்தில் சிறுநீர் விட்டது. அதைக் குணமாக்க அந்த வீட்டார் நான்கு மாதம் அரும்பாடு பட்டார்கள்.

துடைப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பழைய வேட்டித் துணியால் அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள். பிறகு சோப்புத் தண்ணீர். டைல்ஸ் தரையாக இருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைக்கலாம். சிமெண்ட், சிவப்புக் காவித் தரை, மொசைக், பளிங்கு இவற்றில் வினிகர் பட்டால் மெருகு போய்விடும். அங்கே ஆப்ப சோடாவைத் தூவி ஊறவிட்டுத் துடைப்பதும், பிராணிகளுக்கான பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவமும் நல்லது. பினாயில் நம் மூக்குக்கு வாசனையை மறைக்கும், குட்டியின் மூக்குக்கு மறைக்காது. ஈரம் காயுமுன் நக்கினால் வயிற்றுக்கும் கேடு. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்கள் சிறுநீரைப் போலவே மணப்பதால் குட்டியை அதே இடத்துக்கு அழைக்கும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின்மேல் நேரே கொட்டவோ வினிகரோடு சேர்க்கவோ கூடாது, கிளம்பும் வாயு நெஞ்சை அடைக்கும்.

தீனி

குறித்த நேரத்தில் போட்டால் குறித்த நேரத்தில் வெளியே போகும். நாள் முழுக்கத் தட்டில் சோறு கிடந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. இருபது நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன் பின் இரண்டு.

தாயை விட்டுவந்த குட்டிக்கு மாட்டுப்பால் ஊற்றுவதுதான் அன்பு என்று நினைக்கிறோம். பல குட்டிகளுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது, பேதியாகும். பேதி பிடித்த குட்டிக்கு எந்த மண்ணையும் பழக்க முடியாது. தண்ணீரை மட்டும் நம் ஊர் வெயிலில் ஒருபோதும் குறைக்காதீர்கள். இரவு படுக்கும் முன் ஒரு மணி நேரம் கிண்ணத்தை எடுத்துவைத்தால் போதும், சித்திரை வைகாசியில் அதுவும் வேண்டாம்.

வெயிலும் மழையும் கொடையும்

கோடையில் பதினோரு மணிக்கு மேல் சிமெண்ட் முற்றம் கொதிக்கும். புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் குட்டியின் பாதத்தாலும் முடியாது. மண் இடத்துக்குப் போகும் வழியிலும் நிழல் இருக்க வேண்டும்.

ஆடி, ஆவணியில் கோயில் கொடைத் திருவிழா நடக்கும் ஊர்களில் வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து குட்டி வாசலைத் தாண்டாது. அந்த இரண்டு நாளும் மேளமும் ஒலிபெருக்கியும் தொடங்குமுன் கொண்டுபோய் வந்துவிடுங்கள். உள்ளே போய்விட்டாலும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஐப்பசி கார்த்திகை அடைமழைதான் பெரிய சோதனை. வயிறு நனைவது எந்தக் குட்டிக்கும் பிடிக்காது. மண் இடத்துக்கு மேல் நான்கு கம்பு நட்டு ஒரு தகரத்தையோ பனையோலையையோ வேய்ந்துவிடுங்கள், குடையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் கூட நில்லுங்கள். கரிசல் மண் மழையில் களியாகிப் பாதத்தில் அப்பும். நான் மேலே இரண்டு சட்டி ஆற்றுமணலைப் பரப்பினேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, சிந்துபூந்துறையில் என் அக்கா வீட்டின் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அக்காவும் அத்தானும் மூன்று வயது நாட்டு நாயோடு மாடிக்கு ஏறிவிட்டார்கள். அந்த நாய் மண்ணைத் தவிர வேறெங்கும் போகாது. மொட்டை மாடிச் சிமெண்டில் நனைந்தபடி சுற்றிச் சுற்றி வந்ததே தவிர ஒரு நாள் முழுக்க ஒன்றுக்குப் போகவில்லை. வயிறு இறுகி முனகத் தொடங்கியதைப் பார்த்துத் தவித்த அக்கா, கடைசியில் ரோஜாத் தொட்டியைக் கவிழ்த்து அதன் மண்ணை மாடி மூலையில் கொட்டினார். நாய் ஓடிவந்து அந்த ஒரு கூடை மண்ணின்மேல் நின்றது. அதனால்தான் செவலைக்கு நான்கு மாதம் ஆனதும், வாரத்தில் இரண்டு நாள் மொட்டை மாடியில் மண் தட்டில் போகவும் பழக்கினேன். முதல் இடம் உறுதியான பிறகு இரண்டாவது இடத்தையும் காட்டிவையுங்கள்.

சரியாக வரவில்லையென்றால்

பெரும்பாலான குட்டிகளுக்கு ஆறு மாதத்துக்குள் பழக்கம் படிந்துவிடும். இடையில் ஒரு வாரம் எல்லாம் மறந்ததுபோல நடந்தால், நாட்காட்டித் தாளை மறுபடி எடுங்கள், தூக்கிப்போகும் தடவையைக் கூட்டுங்கள்.

ஆட்களைக் கண்டதும் குழைந்து இரண்டு சொட்டு விடுவது பழக்கக் குறை ஆகாது, பயமோ மகிழ்ச்சியோ மிகும்போது வருவது. வந்தவர்கள் குனிந்து தலையைத் தொடாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தால் நாளடைவில் நின்றுவிடும். ஆண் குட்டி ஆறு மாதத்துக்கு மேல் காலைத் தூக்கித் தூணிலும் கதவிலும் அடிப்பது எல்லை குறிப்பது, அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ராஜபாளையம் குட்டி வைத்திருப்பவர்கள் அதன் காதைச் சோதித்துப் பாருங்கள். பின்னால் நின்று தட்டத்தைத் தட்டினால் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இனத்தின் தூய வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அவற்றிடம் "மண்ணுக்கு" என்று சொல்லிப் பயனில்லை, கையால் தரையைச் சுட்டும் சைகை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அதே வேகத்தில் கற்றுக்கொள்ளும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொட்டுச் சொட்டாகப் போவது, போகும்போது கத்துவது, சிறுநீரில் இரத்தம், இரத்தப் பேதியும் வாந்தியும், சோறு தொடாமல் சுருண்டு கிடப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் பழக்குவதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே இருக்கிறது. புதிதாகப் போன மலத்தைச் சிறு டப்பாவில் மூடி எடுத்துப்போனால் புழு இருக்கிறதா என்று சோதிக்க உதவும். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதன் பின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில்.

கதவுகளைத் திறப்பது

ஓர் அறையில் இரண்டு வாரம் ஒரு தப்பும் இல்லையென்றால் அடுத்த அறையைத் திறக்கலாம். புது அறையில் முதல் சில நாள் நீங்களும் கூடவே இருங்கள், அங்கேயே அதற்குச் சோறு வையுங்கள். உண்ணும் இடத்தை நாய் நனைக்காது. தார்சாவிலிருந்து பட்டாசல், பிறகு படுக்கையறை என்று செவலைக்கு வீடு திறக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. கடைசியாக, மாசி பிறந்ததும், மச்சிலிருந்து பத்தமடைப் பாயை இறக்கி ஆச்சி பட்டாசலில் மறுபடி விரித்தார். செவலை வந்து ஓரத்தை முகர்ந்தது. நான் கதவருகில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். பாயைத் தாண்டிப் புறவாசல் கதவுக்குப் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. கதவைத் திறந்துவிட்டேன். அதன் பிறகும் நான்கு நாள் அந்தப் பாய்க்குக் காவல் இருந்தேன். புதிதாக எந்த விரிப்பு வந்தாலும் அந்த நான்கு நாள் காவல் வேண்டும்.